பினாங்கில் ஒரு பிற்பகல்: முதிய தாயாருடன் கப்பலிலிருந்து இறங்குவோருக்கு

கேள்வி: நானும் மனைவியும் எழுபத்தைந்து வயதான என் தாயாரும் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறோம். இரண்டாம் நாள் பிற்பகல் 1 மணிக்குக் கப்பல் பினாங்குக்கு வந்து, இரவு 9 மணிக்குப் புறப்படும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் அங்குள்ள முருகனைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். மலை ரயிலை விட்டுவிடக் கூடாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சேர்வதா, நாங்களே சுற்றிப் பார்ப்பதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

பதில்: மலை ரயிலை இம்முறை விட்டுவிடுங்கள்; முருகனைப் பாருங்கள்; மற்ற நேரத்தைப் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே செலவிடுங்கள். சுற்றுலாவில் சேரத் தேவையில்லை.

கணக்கில் எட்டு மணி நேரம் இருப்பதாகத் தோன்றினாலும், கப்பல் கரையில் கட்டப்பட்டு, குடிநுழைவுச் சோதனை முடிந்து, ஆயிரக்கணக்கானோருடன் வரிசையில் நின்று நீங்கள் வெளியே வரும்போது 2 மணி ஆகிவிடும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அனைவரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஆகவே கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. 1923-இல் ஓடத் தொடங்கிய அந்த மலை ரயில் அருமையானதுதான். ஆனால் அதன் அடிவார நிலையம் ஊருக்கு வெளியே ஆயிர் ஈத்தாமில் இருக்கிறது, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பது நம் கையில் இல்லை. நெல்லியாம்பதி மலையை அன்றாடம் பார்த்து வாழும் உங்களுக்கு, 833 மீட்டர் உயர மலையிலிருந்து கிடைக்கும் காட்சிக்காக அம்மாவை அந்த வரிசையில் நிறுத்துவது தகாது என்பது என் கருத்து.

பல தீவுகளில் கப்பலை நடுக்கடலில் நிறுத்தி, சிறு படகில் ஏற்றிக் கரை சேர்ப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரும் துன்பம். பினாங்கில் அந்தக் கவலை இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையை ஒட்டியே நிற்கும். வாசலைத் தாண்டினால் ஊரின் பழைய நடுப்பகுதிக்கே வந்துவிடுவீர்கள். எதிரில் தெரியும் வெள்ளை மணிக்கூண்டு, விக்டோரியா அரசியின் ஆட்சிக்கு 60 ஆண்டு நிறைந்ததைக் குறித்து ஆண்டுக்கு ஓர் அடி என 60 அடி உயரத்தில் கட்டப்பட்டது. அதை அடுத்திருப்பது, இங்கு ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்திறங்கிய இடத்தில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டை.

இனி முருகன். பினாங்கு முருகன் என்றதும் எல்லோரும் சொல்வது தண்ணீர்மலை உச்சியிலுள்ள பாலதண்டாயுதபாணி கோயிலை. அதற்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அதே சாலையில், தரை மட்டத்திலேயே, 1857-இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. கப்பல் பயணிகளில் பலர் மலைக்கோயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். உங்கள் தாயாருக்கு உரிய சந்நிதி இதுவே. நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறப்பது அங்கும் வழக்கம் என்பதால், இறங்கியவுடன் அங்கே ஓடாமல், 5 மணி அளவில் போய்ச் சேரும்படி வாடகைக் காரில் செல்லுங்கள்.

அதுவரை வெயில் கடுமையாக இருக்கும். மழையும் சொல்லாமல் வரும். ஆகையால் முதலில், துறைக்கு அருகே சர்ச் தெருவிலுள்ள பெரானாக்கான் மாளிகைக்குள் சென்றுவிடுங்கள். உள்ளூர்ச் சீனச் செல்வர்களின் வாழ்க்கையை நிழலில் நின்றபடியே பார்க்கலாம். பிறகு மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை. 1818-ஆம் ஆண்டின் புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் இன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் 1801-இல் நிறுவிய பள்ளிவாசல் ஆகியவை இந்த ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. பக்கத்துக் குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. இவ்வளவு குறுகிய தூரத்தில் இத்தனை வழிபாட்டிடங்கள் இருப்பதைக் காண்பதற்காகவே இந்த ஊரில் இறங்க வேண்டும் என்பேன். 2008-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக, மலாக்காவுடன் சேர்த்து, அறிவித்தது.

நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைகளின் முன்னே கூரையோடு தொடரும் நடைபாதையை அங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்பார்கள். கல்பாத்தி அக்கிரகாரத்துத் திண்ணைகள்போல் அது வீட்டுக்கு வீடு தொடர்ந்தாலும், ஒரு கடையின் தளம் அரையடி உயர்ந்திருக்கும், அடுத்தது தாழ்ந்திருக்கும், ஓரத்தில் திறந்த வாய்க்கால் ஓடும், நடுவே மோட்டார் சைக்கிள் நிற்கும். அம்மாவின் கையை விடாதீர்கள். சற்றுத் தொலைவு என்றால் மூன்று சக்கர மிதிவண்டியில் அமர்த்திவிடலாம். கட்டணத்தை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். சுவரோவியங்களுக்கும், கடலில் நட்ட கம்பங்கள் மேல் நிற்கும் சூ படகுத்துறைக்கும் அவரை அழைத்துச் செல்ல வேண்டாம்.

முருகனைத் தரிசித்துத் திரும்பும்போது 6.30 ஆகும். மாரியம்மனையும் கும்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சைவச் சாப்பாட்டை முடித்து, 7.30-க்குத் துறை வாசலில் இருங்கள். கொஞ்சம் ரிங்கிட் ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். கார் அழைக்கும் கிராப் செயலியை ஊரிலேயே நிறுவி, எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் நகரும்போது கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். இல்லையேல் கடல்வழி இணைப்புக்குப் பெருந்தொகை கட்ட நேரும்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் ஒரே ஒரு நன்மை உண்டு: அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால்தான் இத்திட்டத்தில் தொலைவான இடத்தை ஒன்றோடு நிறுத்தியிருக்கிறேன்.

ஆவணங்களில் பலர் தவறுவது சிங்கப்பூர் விசாவில். கப்பல் ஏறுவதற்காக ஒருமுறை, திரும்பி வந்து இறங்குவதற்காக மறுமுறை எனச் சிங்கப்பூருக்குள் நீங்கள் இருமுறை நுழைகிறீர்கள். ஆகவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று உங்கள் முகவரிடம் உறுதி செய்யுங்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்து, அதை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறது; எனினும் அந்நாட்டின் மின்னணு வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், அங்குள்ள முழுப்பெயரை அப்படியே எழுதுங்கள்; தலைப்பெழுத்தைப் புதிதாகச் சேர்க்காதீர்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை மறு நுழைவுக்கும் தனியாக நிரப்ப வேண்டும். பினாங்கில் சாப்பிட அமரும்போது, கரையிலுள்ள இணைய இணைப்பிலேயே மூவருக்கும் அதை முடித்துவிடுங்கள்.