கொள்ளுப்பாட்டி முகம் ஏன் லிஸ்ட்ல வரல?

அண்ணா வணக்கம். தாத்தா வீட்டு பீரோல இருந்த பழைய ஆல்பம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, எங்க போன்ல இருக்கற போட்டோவோட சேர்த்து கூகுள் போட்டோஸ்ல ஏத்திட்டேன். ஆளு ஆளா பிரிச்சுக் குடுக்குது. ஆனா அம்மாவையும் சித்தியையும் ஒரே ஆளுன்னு காட்டுது, என் பையனை மூணு ஆளா வெச்சிருக்கு, கொள்ளுப்பாட்டி லிஸ்ட்லயே இல்ல. உக்காந்து ஒவ்வொருத்தருக்கும் பேர் போடலாமா, இல்ல வீண் வேலையா? அண்ணி வேற அவங்க பொண்ணு முகத்தை இதுல சேர்க்க வேணாங்கறாங்க.
ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

கண்டிப்பா பேர் போடுங்க, வீண் வேலையே இல்ல. ஆனா கொள்ளுப்பாட்டில இருந்து ஆரம்பிங்க. பையனை அப்புறம் பாத்துக்கலாம், அவன் போட்டோ ஆயிரக்கணக்குல இருக்கும், அவன் எங்கயும் போயிட மாட்டான்.

இந்த சாஃப்ட்வேர் முகத்தைப் பாத்து ஆளைத் தெரிஞ்சுக்கறதில்ல, ஒவ்வொரு முகத்தையும் ஒரு நம்பர் வரிசையா மாத்துது (2015ல கூகுள்காரங்க வெளியிட்ட ஃபேஸ்நெட்ங்கற முகம் அறியற முறைல ஒரு முகத்துக்கு 128 நம்பர்), நம்பர் கிட்ட கிட்ட இருந்தா ஒரே ஆளுன்னு குவியலா சேர்த்துடும். அப்ப குவியல் சேரணும்னா முகம் சில இடத்துலயாவது வரணும் இல்லையா. சொந்த சர்வர்ல போட்டுக்கற இம்மிச்னு ஒரு போட்டோ சாஃப்ட்வேர் இருக்கு, அதுல நாம செட்டிங் மாத்தாம விட்டா மூணு முகமாவது சேர்ந்தாத்தான் அதை ஒரு ஆளாவே கணக்குல எடுத்துக்கும். நம்ம கொள்ளுப்பாட்டிங்க வாழ்நாள்ல எடுத்துக்கிட்டதே ஒண்ணு ரெண்டு போட்டோதான், அதுலயும் ஒண்ணு கல்யாண குரூப் போட்டோவா இருக்கும், பின் வரிசைல முக்காடு போட்டு பாதி முகம் மறைஞ்சு நிப்பாங்க. அவங்க அந்தக் கணக்குக்குள்ள எப்படி வருவாங்க? எனக்கு இதுல இருக்கற பெரிய வருத்தமே இதுதான், யாரை நாம மறந்துட்டு இருக்கோமோ அவங்களையேதான் இதுவும் விட்டுடுது.

அதனால குரூப் போட்டோவை மட்டும் தனியா எடுத்து வெச்சு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. பிரிண்ட்ல 3 மில்லிமீட்டர் அகலம் இருக்கற முகம் 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 35 பிக்சல்தான் வரும், 600ல 71, 1200ல 142. 35 பிக்சல்ல மெஷின் என்ன, நமக்கே யாருன்னு தெரியாது. அப்புறம் வீட்ல இருக்கறதுலயே வயசானவங்க பக்கத்துல உக்காந்து, டேப்லெட்ல பெருசாக்கிக் காட்டி ஒவ்வொருத்தரா கேளுங்க, போன்ல ரெக்கார்டும் போட்டு விடுங்க. எங்க அத்தை ஒரு கல்யாண போட்டோல பின் வரிசை மொத்தத்துக்கும் பேரு, ஊரு, யாருக்கு யாரு உறவுன்னு மூச்சு விடாம சொன்னாங்க, அதுல பாதிப் பேரை எங்கப்பாவுக்கே தெரியல. இந்த வேலைக்கு சாஃப்ட்வேர் எதுவும் இல்ல, அவங்க இருக்கறப்பவே பண்ணணும், இந்த மாசமே பண்ணுங்க.

பேர் போடறப்ப "அம்மா", "பெரியப்பா"ன்னு போடாதீங்க. உங்களுக்கு அம்மா, உங்க பையனுக்கு பாட்டி, அவன் பிள்ளைங்க பாக்கறப்ப யாரோட அம்மான்னே புரியாது. வெறும் பேரும் போதாது, நம்ம வீடுகள்ல தாத்தா பேரைத்தானே பேரனுக்கு வெக்கறோம், ஒரே பேர்ல மூணு பேர் இருப்பாங்க. இனிஷியலும் பொம்பளைங்களுக்கு கல்யாணத்துக்கு அப்புறம் மாறிடுது. பேரு, அப்பா பேரு, ஊரு, தெரிஞ்சா பிறந்த வருஷம், இந்த நாலும் இருந்தா யாரும் குழம்ப மாட்டாங்க.

அம்மா சித்தி குழப்பம் சகஜம்தான். அக்கா தங்கச்சி முகத்துக்கு நம்பரும் கிட்டத்தான் வரும். 2019 டிசம்பர்ல அமெரிக்க அரசோட தர நிர்ணய நிறுவனம் என்ஐஎஸ்டி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க, அதுல முகம் அறியற நிறைய அல்காரிதம் ஆம்பளைங்களை விட பொம்பளைங்க விஷயத்துல ரெண்டு பேரை ஒருத்தர்னு அதிகமா தப்பா சொல்லுச்சு, வயசானவங்க, குழந்தைங்க விஷயத்துலயும் அப்படித்தான். அந்தக் குரூப்பைத் திறந்து சித்தி படத்தையெல்லாம் செலக்ட் பண்ணி அந்தக் குரூப்ல இருந்து மட்டும் நீக்கி விடுங்க, படத்தை அழிச்சுடாதீங்க. பையன் மூணா இருக்கறது பிரச்சினையே இல்ல, மூணுக்கும் ஒரே பேரைக் குடுத்தா ரெண்டும் ஒரே ஆளான்னு கேட்டு சேர்த்துக்கும். ஆனா சேர்க்கறப்ப மட்டும் அவசரப்படாதீங்க, பிரிஞ்சு கிடந்தா எப்ப வேணா சேர்க்கலாம், தப்பா சேர்த்துட்டா ஒவ்வொரு படமா பொறுக்கி எடுக்கணும்.

இவ்ளோ உழைச்சுப் போடற பேர் எங்க போய் உக்காருதுன்னு பாக்கணும், இதைத்தான் யாரும் பாக்கறதில்ல. கூகுளோட பழைய போட்டோ சாஃப்ட்வேர் பிக்காசா ஞாபகம் இருக்கா? 2009லயே நம்ம கம்ப்யூட்டர்ல முகம் பாத்து பிரிச்சுக் குடுத்துச்சு, 2016 மார்ச்சோட கூகுள் அதை நிறுத்திட்டாங்க. அதுல பேர் போட்டோவுக்குள்ள எழுதப்படல, ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு சின்ன ஃபைல்ல வெறும் அடையாள எண், அந்த எண் யாருன்னு வேற ஒரு ஃபைல்ல இருக்கும். போட்டோவுக்குள்ளயே எழுதற வசதி கடைசி காலத்துலதான் வந்துச்சு. கம்ப்யூட்டர் மாத்தறப்ப போட்டோவை மட்டும் காப்பி பண்ணவங்களுக்கு பேரெல்லாம் போச்சு. கூகுள் போட்டோஸ்லயும் பேர் உங்க அக்கவுண்ட்லதான் இருக்கு, படத்தை டவுன்லோட் பண்ணி பெரியப்பா பையனுக்கு அனுப்பினா பேர் கூடப் போகாது. கூகுள்ல இருக்கற நம்ம தகவலை டவுன்லோட் பண்ற டேக்அவுட்ல மொத்தமா எடுத்தா, கூட வர்ற ஜேசான் ஃபைல்ல (படத்தோட விவரம் எழுதியிருக்கற சின்ன ஃபைல்) பேர் இருக்கும், ஆனா எந்த முகம் யாரோடதுன்னு இருக்காது.

நான் சொல்றது டிஜிகேம்ங்கற போட்டோ சாஃப்ட்வேர். இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூணுலயும் ஓடும், முகம் தேடற வேலை மொத்தமும் உங்க கம்ப்யூட்டர்லயே நடக்கும். மெட்டாடேட்டா (படத்தோட விவரம்) செட்டிங்ல முக டேகை ஃபைல்ல எழுதுன்னு ஆன் பண்ணிட்டீங்கன்னா பேரும் முகம் இருக்கற கட்டமும் எக்ஸ்எம்பிங்கற பொது வடிவத்துல போட்டோவுக்குள்ளயே போயிடும், நாளைக்கு வேற சாஃப்ட்வேர்ல திறந்தாலும் படிக்கலாம். முக்கியமா அது கண்டுபிடிக்காத முகத்துக்கு நீங்களே மவுஸால கட்டம் போட்டு பேர் எழுதலாம், கொள்ளுப்பாட்டி அப்படித்தான் உள்ள வருவாங்க. முதல்ல பத்து படத்தோட காப்பில செஞ்சு பாருங்க.

அண்ணி சொல்றது நியாயம், கேளுங்க. ஃபேஸ்புக்கே 2021 நவம்பர்ல முகம் கண்டுபிடிக்கற வசதியை நிறுத்தி 100 கோடிக்கு மேல ஆளுங்களோட முகத் தகவலை அழிக்கிறதா அறிவிச்சாங்க, அமெரிக்காவோட இல்லினாய்ஸ் மாநிலத்துல இந்த முகக் குரூப் விஷயமா கூகுள் மேல போட்ட வழக்கு 2022ல 10 கோடி டாலர் சமரசத்துல முடிஞ்சுது. குழந்தை முகத்தை "மறை"ன்னு குடுத்தா லிஸ்ட்ல இருந்து மறையும், அவ்ளோதான். அவங்க பொண்ணு இருக்கற படங்களை கூகுள்ல இருந்து எடுத்து டிஜிகேம்ல மட்டும் வெச்சுக்கோங்க, அங்கயும் அவ பேரை எழுதணுமான்னு அண்ணிகிட்ட கேட்டுட்டு எழுதுங்க. கோவத்துல முகக் குரூப் வசதியையே ஆஃப் பண்ணிடாதீங்க, அப்படிப் பண்ணா நீங்க போட்ட எல்லாப் பேரும் சேர்ந்து அழிஞ்சுடும், ஆஃப் பண்ணத்தான் வேணும்னா முன்னாடியே டேக்அவுட் எடுத்து ஜேசான் ஃபைல்ல பேர் வந்திருக்கான்னு நாலு படம் திறந்து பாத்துட்டு பண்ணுங்க.