40 டியூன் இருக்கிறது, அப்புறம்?

கேள்வி: அண்ணா, எனக்கு 25 வயது. பொறியியல் முடித்துவிட்டு ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். பள்ளியில் படித்த காலத்திலிருந்தே கீபோர்டு வாசிக்கிறேன். டிரினிட்டி இசைத் தேர்வில் 5-ஆம் கிரேடு வரை முடித்திருக்கிறேன். போனில் 40 டியூன் பதிவு செய்து வைத்திருக்கிறேன். சினிமாவுக்கோ சீரியலுக்கோ இசையமைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடலாமா? ஒருவர் புதுப்படத்தில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி 2 லட்சம் கேட்கிறார். அப்பாவுக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை. அவர் உங்கள் பத்திரிகையை ஒரு வாரம் விடாமல் படிப்பவர். தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்: தம்பி, முதலில் அந்த 2 லட்சத்தைப் பேசிவிடுவோம். கொடுக்காதீர்கள். இந்தத் தொழிலில் பணம் தயாரிப்பாளரிடமிருந்து இசையமைப்பாளருக்கு வரும். குறைவாக வரும், தாமதமாக வரும், சில சமயம் வராமலே போகும். ஆனால் எதிர்த்திசையில் போகாது. இசைக்குக் கொடுக்கவே பணம் இல்லாதவரிடம் படத்தை வெளியிட மட்டும் எங்கிருந்து வரும்? அவர் போனை எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

சரி, அந்த 40 டியூனுக்கு வருவோம்.

இருபது வருஷத்துக்கு மேலாகக் கோடம்பாக்கத்தில் கீபோர்டு வாசித்தும், புரோகிராமிங் (கணினியில் வாத்திய ஒலிகளை அடுக்குவது) செய்தும், அவ்வப்போது சொந்தமாக இசையமைத்தும் பிழைப்பு நடத்துகிறேன். உங்களைப் போலப் பார்க்க வரும் தம்பிகள் உட்கார்ந்ததும் போனைத்தான் எடுப்பார்கள். கேட்பேன். பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கேட்டு முடித்ததும், "வேறு யாரோ எடுத்த காட்சிக்கு ஒரு நிமிஷம் இசை போட்டிருக்கிறீர்களா?" என்பேன். டீ வரும்வரை பேச்சு இருக்காது.

ஒரு படத்தில் ஐந்து பாட்டு என்று வைத்தாலும் எல்லாம் சேர்த்து 20, 25 நிமிஷம்தான். மிச்சப் படத்தில் இசை வரும் இடங்கள் எல்லாம் நாங்கள் ஆர்.ஆர். என்று சொல்கிற பின்னணி இசை. பாட்டால் உங்கள் பெயர் வெளியே தெரியும். ஆனால் ஒரு இயக்குநர் அடுத்த படத்துக்கும் உங்களையே கூப்பிடுவதற்கு ஆர்.ஆர். அறையில் அவரோடு கழித்த ராத்திரிகள்தான் காரணமாக இருக்கும். சீரியலில் டைட்டில் பாட்டு ஒன்று, மற்றதெல்லாம் பின்னணிதான்.

டியூன் போடும்போது நீங்கள்தான் ராஜா. எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பது உங்கள் இஷ்டம். ஆர்.ஆரில் அதையெல்லாம் எடிட்டர் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார். ஒரு கணக்குச் சொல்கிறேன். சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். நீங்கள் 120 டெம்போவில், அதாவது நிமிஷத்துக்கு 120 தட்டு வேகத்தில் வாசித்தால் ஒரு தட்டுக்கு அரை விநாடி, அதாவது 12 ஃபிரேம். கதாநாயகி கதவைத் திறக்கும் இடத்தில் சரியாக விழுகிற மாதிரி அழகாக ஒரு வயலின் சேர்க்கை போட்டு முடித்திருப்பீர்கள். ராத்திரி 11 மணிக்கு எடிட்டர் கூப்பிட்டு, "அண்ணே, கதவுக்கு முன்னாடி ஒரு 12 ஃபிரேம்தான் எடுத்திருக்கேன்" என்பார். அவருக்கு அது ஒரு சொடுக்கு. உங்களுக்கு ஒரு தட்டு காணாமல் போய்விட்டது. அந்த இடத்திலிருந்து எல்லாமே பிசகி நிற்கும். அதைக் காலைக்குள் சரி செய்து, கேட்பவருக்கு ஒட்டுப்போட்டது தெரியாமல் கொடுப்பவர்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறார். அந்தத் திறமைக்குக் கைதட்டல் கிடையாது.

இன்னொன்று வசனம். ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். அப்பா மகளிடம் மெல்லிய குரலில் பேசுகிறார். அதன் மேலேயே புல்லாங்குழலில் ஒரு நல்ல மெட்டு. இயக்குநர் இரண்டு முறை கேட்டுவிட்டு, "ரெண்டு பேர் பேசுற மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. பேசுகிறவர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் குழல் நுழைய வேண்டும் என்று புரிய எனக்கு இரண்டு படம் ஆயிற்று. எங்கே வாசிக்கவே கூடாது என்று புரிய இன்னும் அதிகமாயிற்று.

பெரியவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2000-இல் வந்த 'ஹே ராம்' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலில் வேறொருவர் இசையமைத்து, பாட்டுகளைப் படமும் பிடித்துவிட்டார்கள். பிறகு இளையராஜா வந்து, எடுத்து முடித்த அந்தக் காட்சிகளுக்கே பொருந்தும்படி புதிதாகப் பாட்டு போட்டார். பின்னணி இசையைப் புடாபெஸ்ட்டில் போய்ப் பதிவு செய்தார். வாயசைவும் வெட்டும் நடன அடியும் முன்பே முடிவாகிவிட்ட இடத்தில் மெட்டு போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். போனில் சேர்த்து வைத்த 40-இல் ஒன்றுகூட அங்கே உட்காராது.

ஆகவே இப்போது உங்களுக்குத் தேவை 41-ஆவது டியூன் இல்லை, ஒரு காட்சி. உங்கள் ஊரிலோ அலுவலகத்திலோ குறும்படம் எடுக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் மூன்று நிமிஷம் வாங்குங்கள். முதலில் இசையே இல்லாமல் பத்துத் தடவை பாருங்கள். அப்புறம் அதே மூன்று நிமிஷத்துக்குச் சோகமாக ஒன்று, பயமாக ஒன்று, ஒரே ஒரு வாத்தியத்தில் ஒன்று என்று மூன்று விதமாகப் போட்டு, மூன்றையும் அவருக்கே காட்டுங்கள். அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், என்ன காரணம் சொல்கிறார் என்பதுதான் பாடம். "இன்னும் கொஞ்சம் ஈரமா வேணும்" என்று சொல்வார். ஈரம் என்றால் எந்த ஸ்வரம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இயக்குநர்கள் பேசும் பாஷை அதுதான். அதை மொழிபெயர்க்கக் கற்றுக்கொண்டால் பாதி தொழில் கைக்கு வந்துவிடும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 25 வயதில் உங்களோடு குறும்படம் எடுக்கிறவர் 32 வயதில் படம் எடுப்பார். புகழ் பெற்ற இயக்குநர் வீட்டு வாசலில் நிற்பதைவிட, இன்னும் புகழ் வராத இயக்குநரோடு டீக்கடையில் உட்காருவது நல்லது. அவருக்குப் படம் கிடைக்கிற அன்று தயாரிப்பாளர் பெரிய பெயர் ஒன்றைச் சொல்வார்தான். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லவும் அந்த அறையில் ஒரு ஆள் இருப்பார்.

அடுத்த வழி, பிறருக்கு வாசிப்பது. 'அன்னக்கிளி' 1976-இல் வருவதற்கு முன் இளையராஜா ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், கிட்டார் வாசித்தார். ரஹ்மான் 1992-இல் 'ரோஜா'வுக்கு முன் மற்றவர்களுக்குக் கீபோர்டு வாசித்தார், விளம்பரங்களுக்கு இசையமைத்தார். ஹாரிஸ் ஜெயராஜும் 2001-இல் 'மின்னலே' வரும்வரை மற்ற இசையமைப்பாளர்களுக்குப் புரோகிராமிங் செய்தவர்தான். உதவியாளர் வேலை என்றால் சும்மா இல்லை. அதிகாலை வரை கோப்புகளைப் பெயரிட்டு அடுக்குவது, பாடகர் வருமுன் வேறொருவரை மாதிரிக்கு டிராக் பாட வைப்பது, வார்த்தை இல்லாமல் 'தத்த தான' என்று மெட்டைச் சொல்லும் தத்தகாரத்தைப் பாடலாசிரியருக்கு அனுப்புவது, நேற்று அழித்த வடிவத்தை இன்றைக்குத் திரும்பக் கேட்டால் எடுத்துக் கொடுப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான். இசையமைப்பாளரும் இயக்குநரும் சண்டை போடும்போது மூலையில் உட்கார்ந்து கேட்க முடியுமே, அதுதான் உண்மையான சம்பளம்.

சீரியலைக் கேவலமாக நினைக்காதீர்கள். 'சித்தி' தொடரின் டைட்டில் பாட்டில்தான் இசையமைப்பாளர் தினாவை வீடு வீடாகத் தெரிந்தது. 'மன்மத ராசா' பாட்டெல்லாம் அதற்கு அப்புறம். வாரத்துக்கு ஆறு நாள் ஓடும் தொடர் வருஷத்துக்கு 300 எபிசோடைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் புதிதாக இசை போட யாராலும் முடியாது. அதனால் மாமியாருக்கு ஒன்று, அழுகைக்கு நான்கு, சந்தேகத்துக்கு ஐந்து, திடுக்கிடலுக்கு ஒரு டஜன் என்று துண்டு துண்டாகச் செய்து மொத்தமாகக் கொடுத்துவிடுவோம். ஒலிப்பதிவுக்காரர் தேவையானதை எடுத்து ஒட்டிக்கொள்வார். நீங்கள் கல்யாணத்துக்குப் போட்ட நாதஸ்வரம் ஒரு நாள் கொலைக் காட்சியில் வரும். பதறக் கூடாது. ஒரே கருவைப் பத்து மனநிலையில் வளைக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. நான் இப்படிச் சொல்வதற்காகச் சில நண்பர்கள் என்னைக் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓரளவு வேகமான கணினி, ஒரு இசைப்பதிவு மென்பொருள், ஒரு நல்ல ஹெட்போன் போதும். மென்பொருளில் ஒலிப்பதிவு அளவை (சாம்பிள் ரேட்) 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து வேலை செய்து பழகுங்கள், படத்துக்கு அதுதான் வழக்கம். வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கவும் பழகுங்கள். மிச்சப் பணத்தில் உண்மையான வயலின் கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பதிவு செய்து பாருங்கள். நீங்கள் கீபோர்டில் எழுதியதை வில்லால் வாசிக்க முடியுமா என்று அவர் சொல்வார்.

பணம். புதியவர்களுக்குப் பெரும்பாலும் பேக்கேஜ்தான். ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார்கள்; பாடகர், வாத்தியக் கலைஞர், ஸ்டூடியோ, மிக்ஸிங் எல்லாம் அதற்குள். மீதி இருந்தால் உங்களுக்கு. என் முதல் படத்தில் மீதி இல்லை, மனைவியின் சங்கிலி போயிற்று. கடைசித் தவணை படம் வெளியாகும்போது என்று எழுதியிருந்தது. படம் இன்னும் வெளியாகவில்லை. அதனால் இசைக் கோப்புகளை ஒப்படைக்கும்போதே கடைசித் தவணை என்று எழுதி வாங்குங்கள். எத்தனை திருத்தம் வரை அந்தத் தொகைக்குள், அதற்கு மேல் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்தோடு சேர்ந்து திரையரங்கில் ஓடுவது தவிர, தொலைக்காட்சி, இணையம், வானொலி, மேடை என்று உங்கள் இசை வேறு எங்கே பயன்பட்டாலும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமை இசையமைப்பாளருக்கு உண்டு. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் எழுதித் தரலாம். "எல்லா உரிமையும் கம்பெனிக்கே" என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்தப் பங்கு அதில் அடங்காது. வசூலித்துத் தரும் சங்கம் ஐ.பி.ஆர்.எஸ்., 1969-இலிருந்து இருக்கிறது. உங்கள் இசை வெளியில் வர ஆரம்பித்ததும் உறுப்பினராகுங்கள். ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்யுங்கள். பதியாத பாட்டுக்குக் காசு வராது. என் வயதுக்காரர்கள் பலர் இதைத் தெரிந்துகொண்டதே தலை நரைத்த பிறகுதான்.

வேலையை விடலாமா என்றால், இப்போது வேண்டாம். மாதச் சம்பளம் வருகிறவரால்தான் மோசமான ஒப்பந்தத்துக்கு முடியாது என்று சொல்ல முடியும். ராத்திரியும் சனி, ஞாயிறும் உங்களுடையவை. பத்துக் குறும்படம் முடியுங்கள். அவற்றில் குறைந்தது இரண்டு காசு கொடுத்தவையாக இருக்கட்டும், ஐயாயிரம் ஆனாலும் சரி. உங்களிடம் ஒரு முறை வேலை வாங்கியவர் இரண்டாவது முறையும் தேடி வந்திருக்க வேண்டும். அது நடந்து, ஒரு வருஷச் செலவுக்குப் பணமும் கையில் இருந்தால் சென்னைக்கு ரயிலேறுங்கள். அலுவலகத்தில் சென்னைக்கு மாற்றல் கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்பாவிடம் டியூனைப் போட்டுக் காட்ட வேண்டாம். அந்த மூன்று நிமிஷக் காட்சியை முதலில் இசை இல்லாமல், பிறகு உங்கள் இசையோடு போட்டுக் காட்டுங்கள். நீங்கள் ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று அவருக்கு அப்போதுதான் புரியும். அவர் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவர் என்பதால் பெயரோடு ஊரையும் எடுத்துவிட்டேன். கீபோர்டு கிரேடையும் ஒன்று குறைத்துப் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.