இறந்தவரிடம் ஏன் கேட்கவில்லை?

மதிப்புக்குரிய ஐயா,

ஒரு கற்பனைத் தீவைக் களமாகக் கொண்டு என் முதல் நாவலை எழுதி வருகிறேன். அந்தத் தீவில் இறந்தவர்கள் ஆண்டுதோறும் ஆடி அமாவாசை இரவில் தங்கள் வீட்டுக்கு வந்து, விடியும்வரை உறவினருடன் பேசிவிட்டுச் செல்வார்கள். தந்தை மறைத்துவைத்த காணி உறுதிப் பத்திரத்தைத் தேடி இரு சகோதரர்கள் பல ஆண்டுகளாகப் பகைத்து நிற்பதே கதை. படித்துப் பார்த்த தோழி, “அமாவாசைக்கு வருகிற தகப்பனிடமே உறுதி எங்கே என்று கேட்டிருக்கலாமே” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இது கற்பனை உலகம்தானே? புராணங்களை நாம் தர்க்கம் பார்த்தா கேட்கிறோம்? ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லத் தொடங்கினால் கதையின் மாயம் போய்விடாதா? மூன்று அத்தியாயங்களையும் மீதிக் கதையின் சுருக்கத்தையும் இணைத்துள்ளேன்.

ஒரு வாசகி,
நீர்வேலி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாவலுக்கு இதுவரை கிடைத்த உதவிகளில் உங்கள் தோழியின் கேள்விதான் பெரியது என்று நினைக்கிறேன். இறந்தவர்கள் எப்படி வருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை அவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். அப்படியொரு ஊரில் பிறந்து வளர்ந்த இருவர், இறந்தவர் திரும்பிவராத நம்முடைய ஊரில் வாழ்பவர்களைப் போல நடந்துகொள்வதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. அதிசயம் ஏன் நிகழ்கிறது என்பதை நீங்கள் கடைசிவரை சொல்லாமலே விடலாம். மாயம் அதனால் கெடாது. அது நிகழ்வதால் அங்குள்ள மனிதரின் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்பதைக் காட்டாமல் விட்டால், அந்த அதிசயத்தை நீங்களே நம்பவில்லை என்று ஆகிவிடும்.

புராணங்களில் தர்க்கம் இல்லை என்பதோடு நான் உடன்படவில்லை. இரணியன் பெற்ற வரத்தை எண்ணிப் பாருங்கள். மனிதராலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், வீட்டின் உள்ளும் புறமும், மண்ணிலும் விண்ணிலும், எந்த ஆயுதத்தாலும் தனக்குச் சாவு வரக்கூடாது என்று கேட்டான். எல்லாம் வல்ல தெய்வம் அந்த வரத்தைப் பொருட்படுத்தாமலே அவனைக் கொன்றிருக்கலாம். அப்படி நிகழவில்லை. பாதி மனிதனும் பாதி சிங்கமுமான உருவில் தோன்றி, அந்திப்பொழுதில், வாசற்படியில், மடியில் கிடத்தி, நகத்தால் கீறி என்று ஒவ்வொரு நிபந்தனையும் எழுத்துப் பிசகாமல் காக்கப்படுகிறது. கதை கேட்கும் பிள்ளை கண் விரித்து நிற்பதும் அந்த இடத்தில்தான்.

இனி உங்கள் தீவுக்கு வருவோம். இறந்தவர் ஆண்டுக்கொருமுறை வந்து பேசுவார் என்றால், முதலில் ஆட்டம் காண்பது காணி வழக்கம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான நமது தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்துருப் பெற்றபோது முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தைப் பகுத்து, யாருக்குப் பின் எது யாரைச் சேரும் என்பதைப் பதிவு செய்தது. இறந்தவர் இனி வாய் திறக்கமாட்டார் என்பதனாலேயே இத்தனை விதிகளும், நொத்தாரிசும், சாட்சிகளின் கையெழுத்தும் நமக்குத் தேவைப்படுகின்றன. அவர் வந்து சாட்சி சொல்லக்கூடிய ஊரில் உறுதி என்ற கடதாசிக்கு என்ன மதிப்பு இருக்கும்? இறந்தவரின் சொல் வழக்கில் செல்லாது என்று பழைய அரசன் ஒருவன் கட்டளையிட்டிருக்கலாம். அப்படியானால் அந்தக் கட்டளைக்கு முன்னர் பெரிய அநியாயம் ஏதோ நடந்திருக்க வேண்டும். கொலை செய்தவன் அந்தத் தீவில் தங்கமாட்டான், அடுத்த ஆடிக்கு முன்பே வள்ளம் ஏறிவிடுவான். கணவனை இழந்தவள் மறுமணம் செய்ய முடியுமா? செத்தவீட்டில் ஒப்பாரி எப்படி இருக்கும்? இவை அனைத்தையும் நாவலில் எழுத வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மாந்தர் இவற்றைத் தெரிந்தே வாழ்கிறார்கள். ஆகவே உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தோழிக்குப் பதில் சொல்ல எளிய வழி ஒன்று உங்களுக்குத் தோன்றக்கூடும்: இறந்தவர்கள் சொத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு விதியைச் சேர்ப்பது. தயவுசெய்து அவசரப்பட்டு அதைச் செய்யாதீர்கள். எழுதுபவருக்குச் சிக்கல் வந்த இடத்தில் மட்டும் முளைக்கும் விதியை வாசகர் உடனே இனங்கண்டுகொள்வார். அந்த விதி வேண்டுமென்றால், முதல் அத்தியாயத்திலேயே, கதைக்குச் சம்பந்தமில்லாதது போன்ற ஒரு சிறு காரியத்தில், அயல்வீட்டுக் கிழவி அடகுவைத்த காப்பைப் பற்றித் தன் கணவரிடம் கேட்டு ஏமாறுகிற இடத்தில், அது வந்திருக்க வேண்டும். எனக்கு வேறு வழி பிடித்திருக்கிறது. தமையன் கேட்கட்டும், தகப்பனார் பொய் சொல்லட்டும். உயிரோடிருந்தபோது ஓரவஞ்சனை செய்தவர் இறந்ததும் உத்தமராகிவிட வேண்டும் என்று எந்த நியதியும் இல்லையே. அல்லது தம்பி கேட்காமலே இருக்கட்டும், ஏனெனில் பதில் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஆண்டுதோறும் அந்த இரவில் சோறு படைத்து, ஊர்ப்புதினம் பேசி, அந்த ஒரு கேள்வியை மட்டும் விழுங்கிக்கொள்கிற குடும்பம், உங்கள் சுருக்கத்தில் இருக்கும் குடும்பத்தைவிட எனக்கு உயிருள்ளதாகத் தெரிகிறது.

மூன்றாம் அத்தியாயத்தில் இன்னோர் இடம் உறுத்துகிறது. ஆறில்லாத சுண்ணக்கல் தீவில் ஆயிரம் வீரர் கொண்ட கோட்டையையும் முப்போகம் விளையும் வயலையும் வைத்திருக்கிறீர்கள். நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்பதைத்தான் நாம் இறைக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருக்கும் நிலாவரைக் கிணறு உங்கள் ஊருக்குக் கிட்டத்தான் இருக்கிறது. கோட்டை அவ்வளவு இறைத்தால் சுற்றியுள்ள கிணறுகள் சில கோடைகளிலேயே உவர்த்துப்போகும், தோட்டக்காரர் கோட்டை வாசலில் வந்து நிற்பார்கள். சகோதரர்கள் சண்டையிடும் காணியில் உவர்க்காத கிணறொன்று இருந்தால், அந்த உறுதிக்கு ஏன் இவ்வளவு பகை என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

நாள் கணக்கையும் பாருங்கள். அமாவாசை கழிந்து நான்காம் நாள் தம்பி முழுநிலவில் வள்ளம் தள்ளுகிறான். நாலாம் பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடும். ஒரு கொப்பியில் திதியையும், மாந்தரின் வயதையும், இடங்களுக்கிடையிலான தூரத்தையும் குறித்துவைத்தால் இது நேராது.

நிஜமான ஊரை எழுதுபவருக்கும் இந்தக் கடமை உண்டு. 1996இன் பிற்பகுதியிலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கை அரசின் கடிகாரம் பழைய நேரத்துக்கு அரை மணி முன்னே ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே நீடித்தது. யாழ்ப்பாணத்தில் பத்து மணியென்றால், இரு பகுதிகளுக்கும் எல்லையாயிருந்த முகமாலைக்கு அப்பால் ஒன்பதரை. 2003இல் ஏ9 வீதியால் பயணம் செய்யும் ஒரு பாத்திரம் எந்த நேரத்தைச் சொல்கிறது என்பதை எழுத்தாளர் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் அந்தப் பாதையால் போய்வந்தவர்கள் அதைப் படிப்பார்கள்.

உங்கள் தீவின் அமாவாசை இரவு எப்போது தொடங்குகிறது, இறந்தவர் படலையைத் திறந்துகொண்டு வருவாரா, பிள்ளைகளை அன்று விழித்திருக்க விடுவார்களா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிறகு, சகோதரர்கள் இருவரும் தகப்பனாரின் முன்னால் அமர்ந்திருக்கும் அந்த ஓர் இரவை முழுமையாக எழுதுங்கள். ஏற்கெனவே எழுதிய மூன்று அத்தியாயங்களையும் அதற்குப் பிறகு திருத்தலாம்.