அந்தக் காலத்து மருந்து விளம்பரங்கள்

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்த பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் லேகியம், மாத்திரை, தைல விளம்பரம்தான். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் அந்த மருந்துகளிலேயே அவர்கள் திடகாத்திரமாக வாழவில்லையா? நம்மவர் தயாரிக்கும் மூலிகை மருந்துக்கு விளம்பரம் அனுப்பினால் நீங்கள் மட்டும் ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள்? (ஒரு வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: திடகாத்திரமாக வாழ்ந்தார்கள் என்று யார் சொன்னது? மலாயாவில் ரப்பர் தோட்டம் போடக் காடு வெட்டப் போன நம் ஆட்கள் மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கிள்ளான் நகரில் காய்ச்சல் தணிந்தது, 1901-ல் டாக்டர் மால்கம் வாட்சன் முன்னின்று சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடியவிட்ட பிறகுதான். சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் சீனத் தொழிலாளிகளை வாரிக்கொண்டு போனபோது தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். காரணம், நம் பானையில் வெந்த புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் ஃபிளெச்சர் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்து, 1907-ல் அதை எழுதினார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களைத்தான் நோய் பிடித்தது. இதில் எந்தப் பாட்டிலுக்கும் பங்கு கிடையாது.

சரி, பாட்டிலுக்குள் என்ன இருந்தது? 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பேர்போன மருந்துகளை வாங்கிச் சோதித்து, விவரத்தைப் புத்தகமாகவே போட்டது. உலகமெல்லாம் விற்ற பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளம் (உலர்ந்த கற்றாழைப் பால்), இஞ்சி, சோப்பு. பெட்டி விலை பதின்மூன்றரைப் பென்ஸ். உள்ளே இருந்த சரக்கின் மதிப்பு அரை ஃபார்திங் (ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு), அதாவது விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சப் பணத்தில் ஒரு பெரிய பங்கு விளம்பரத்துக்குப் போனது. இதாவது வயிற்றைக் கழுவியதோடு போயிற்று. இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வீட்டில் வாங்கி வைத்த குளோரோடைன் என்ற மருந்தில் அபினிலிருந்து எடுக்கும் மார்பின் இருந்தது. 1910 முதல் அபின் வியாபாரத்தை அரசாங்கமே நடத்திய பினாங்கில், அதை யார் தடுத்திருப்பார்கள்?

உள்ளூர் மருந்து வியாபாரம் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. கோப்பேங்கில் 1879-ல் ஈயச் சுரங்கத் தொழிலாளிகளை நம்பித் தொடங்கிய இயூ யான் சாங் என்ற சீன மருந்துக் கடை இன்றும் நிற்கிறது. கடைத்தெருவில் கோடாலித் தைலம் வாங்கிப் பெட்டியில் வைக்காமல் ஊருக்குக் கப்பலேறியவர்கள் உண்டா? தலைவலித் தைலம் தலைவலிக்கு. அதில் எனக்கும் வழக்கு இல்லை.

என் வழக்கு பத்திரிகைகள் மேல்தான். மருந்தும் அச்சும் அன்று ஒரே வியாபாரமாக இருந்தன. டைகர் பாம் முதலாளி ஆவ் பூன் ஹாவ் 1929-ல் சிங்கப்பூரில் நாளேடு தொடங்கினார். பினாங்குக்கும் ஒன்று 1939-ல் வந்தது. அமிர்தாஞ்சனம் நாகேஸ்வர ராவ் தைலத்தில் சம்பாதித்ததை ஆந்திர பத்திரிகாவில் போட்டார், சுதந்திரப் போராட்டத்துக்கும் கொடுத்தார். அவரை மதிக்கிறேன். ஆனால் சொந்தச் சரக்கு இல்லாத சின்னப் பத்திரிகைகள், காசு கொடுத்தவன் எழுதித் தந்ததையெல்லாம் அப்படியே அச்சுக் கோத்தன. ‘நரம்புத் தளர்ச்சி முதல் குஷ்டம் வரை’ என்ற வரியைத் தோட்டத்து லயத்தில் யாரோ எழுத்துக்கூட்டிப் படித்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தபால்காரரிடம் காசு கொடுத்து வாங்கும் வி.பி.பி.யில் வரவழைத்தார்களே, அந்தப் பணத்தில் பத்திரிகைக்கும் பங்கு போயிற்று. அப்படி ஒரு பங்கு எனக்கு வேண்டாம்.

இனி, நீங்கள் அனுப்பிய விளம்பரம். பச்சைப் பாட்டில், மேலே ஒரு முனிவர் படம், கீழே மூன்று பேரின் நன்றிக் கடிதம், நடுவில் கொட்டை எழுத்தில் ‘நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் அறவே நீங்கும்’. இந்த இரண்டு நோய்க்கும் மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை நம் மலேசிய நாட்டுச் சட்டம் 1956-லிருந்தே தடுக்கிறது. மருந்தை அரசாங்கத்திடம் பதிந்ததற்கான எம்.ஏ.எல். எண் இல்லை. விளம்பரத்துக்குச் சுகாதார அமைச்சிடம் வாங்க வேண்டிய கே.கே.எல்.ஐ.யூ. அனுமதி எண்ணும் இல்லை. நம்மவர் என்றால் நம்மவரையே ஏமாற்றலாமா? இரண்டு எண்ணையும் வாங்கிக்கொண்டு, அந்தக் கொட்டை எழுத்தையும் எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள், போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று: உங்கள் வீட்டில் யாராவது இதைக் குடிக்கிறோம் என்று டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தால், நாளைக் காலையிலேயே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.