கடல் உயிரிகளை வைத்து மனித நோயை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது?

மகள் கடல் உயிரிகளில் நோய் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள், கணவாயையும் திருக்கையையும் அறுத்தால் மனுஷ நோய் விளங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் யாராவது சிரித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள் அண்ணாச்சி.

எனக்கு உவரிப் பக்கம். வலையில் வரும் திருக்கைகளில் ஒரு ஜாதி, தொட்டால் ஷாக் அடிக்கும். விலை போகாது, வீசிவிடுவார்கள். நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பி இருக்கிறது. நம் தசையில் அது துளியூண்டு. அந்தத் திருக்கையின் மின் உறுப்பில் கொத்துக்கொத்தாக இருக்கும். 1973இல் அமெரிக்காவில், மின்விலாங்கிலிருந்து பிரித்த இதே ஏற்பியை முயல்களுக்கு ஊசி போட்டார்கள். முயலின் உடம்பு அதை எதிர்க்கப் போய், தன் தசையையே முடக்கிக்கொண்டது. தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் எப்படி வருகிறது என்பது அதில்தான் துலங்கியது. (மின்விலாங்கு ஆற்று மீனாயிற்றே என்று ஒருவர் வருவார். சரிதான். ஆனால் 1982இல் ஜப்பானில் நூமா என்ற விஞ்ஞானியின் குழு அந்த ஏற்பியின் மரபணுவைப் படித்தது கடல் திருக்கையில்.)

எங்கள் அம்மாவுக்கு அந்த நோய்தான். காலையில் நன்றாக இருப்பார். சாயங்காலம் இடது இமை தொங்கிவிடும். தாடை சோர்ந்து, பாதிச் சோற்றில் கை கழுவிவிடுவார். கண்ணேறு என்று சுற்றிப்போட்டோம். டவுனில் ஒரு கடையில் கண்ணாடி மாட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள். பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டர்தான் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி இமையில் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்ததும் இமை ஏறி நின்றது. அப்புறம் ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. இப்போது பைரிடோஸ்டிக்மின் மாத்திரை போட்டுக்கொண்டு என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறார்.

ஆராய்ச்சிக்கு எலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதில் பார்க்க எளிதோ அதில் பார்க்கிறார்கள். கணவாயின் பெரிய நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்கும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அதற்குள் மின்முனையை நுழைத்துத்தான் நரம்பில் மின்சாரம் ஓடும் கணக்கைப் போட்டு 1963இல் நோபல் வாங்கினார்கள்.

மகளைக் கல்லூரியில் சேர்க்கும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அங்கே கடல்நீர்த் தொட்டி ஓடுகிறதா? நான் படித்த இடத்தில் காற்று மோட்டார் பழுதாகி, கொண்டுவந்து விட்டதெல்லாம் செத்து மிதந்தது. மோட்டாரைச் சரிசெய்யக் கையெழுத்துக்கு மேஜை மேஜையாக அலைந்ததில் ஒரு பருவமே போயிற்று. அதே மாதத்தில் கல்லூரி முதல்வர் அறைக்குப் புது ஏசி வந்து இறங்கியது.