பதில்: ஸ்கைஹாக் (ஏ-4 போர் விமானம்) மாடலில் இறக்கை மடிப்புக் கோடே இல்லையே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை நண்பரே, கோடு கீறிவிடாதீர்கள். ஏ-4-க்கு மடிப்பு இறக்கையே கிடையாது. அமெரிக்கக் கடற்படை 30,000 பவுண்டு வரை எடை அனுமதித்தபோது, டக்ளஸ் விமான நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட் ஹைன்மன் ஏறக்குறைய அதில் பாதியில் முடித்தார். இறக்கை நீளம் 8.38 மீட்டர்தான், விமானந்தாங்கிக் கப்பலின் லிஃப்டில் அப்படியே அடங்கும். மடிப்புக் கீல், அதற்கான ஹைட்ராலிக்ஸ் எல்லாம் மிச்சம். உங்கள் 1/48 அளவில் முனைக்கு முனை சுமார் 175 மி.மீ. வர வேண்டும், அளந்து பாருங்கள்.

இறக்கை முன்விளிம்பில் இறங்கி ஏறும் தகடுகளுக்கு (ஸ்லாட்) மோட்டார் இல்லை. வேகத்தில் காற்றழுத்தம் உள்ளே தள்ளும், நின்றால் சொந்த எடையில் இறங்கிவிடும். தரையில் நிறுத்துவதென்றால் இரண்டையும் இறக்கியே ஒட்டுங்கள்.

வாலில் உள்ள சுக்கானில் புடைத்து நிற்கும் வரிகளைத் தேய்த்துவிடாதீர்கள்! அதிர்வை அடக்க நடுவில் ஒற்றைத் தகடு, வெளியே விலா என்று தற்காலிகமாகச் செய்தது. கடைசி வரை அப்படியே பறந்தது.

நீங்கள் செய்வது ஏ-4சி, ஆகவே குண்டு மாட்டும் இடம் 3 தான். பெட்டியில் 5 இருந்தால் அது ஏ-4இ-க்கானது, வெளிப்பக்க இரண்டையும் விட்டுவிடுங்கள், துளையை அடைத்துவிடுங்கள்.

மாடல் வால்பக்கம் சாயாமல் நிற்க: ஒட்டும் முன் டேப்பால் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்தில் பென்சில் மேல் நிறுத்துங்கள். மூக்கு தாழும் வரை ஈயம் சேர்த்து, இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். பெயின்ட்டும் வால்பக்கம் எடை போடும். ஈயத்தை மூக்கு நுனியிலேயே திணியுங்கள். பின்னால் வைத்தால் அதிகம் தேவைப்பட்டு, அந்த ஒல்லி முன்கால் வளைந்துவிடும்.