எழுத்துப்பிழையைச் சொன்னால் ஏன் சண்டை வருகிறது?

‘முகநூலில் ஒருவரின் எழுத்துப்பிழையைச் சொன்னேன், சண்டைக்கு வந்துவிட்டார். நான் செய்தது தவறா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொன்னது தவறில்லை. நாலு பேர் முன்னால் சொன்னதுதான் உறுத்தியிருக்கும்.

தமிழில் பாதிப் பிழைகள் காதிலிருந்து வருபவை. ந, ன, ண மூன்றும் பலர் பேச்சில் கலந்துவிட்டன. மதுரைப் பக்கம் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். போதாததற்குக் கைப்பேசி வேறு. ஆங்கில எழுத்தில் தட்டினால் பலம், பழம் என்று வரிசை கட்டும். அவசரத்தில் விரல் ஏதோ ஒன்றைத் தொட்டுவிடும். இதை அறியாமை என்று ஏளனம் செய்வது அநியாயம்.

திருத்துபவர்களும் சறுக்குவார்கள். ‘வந்த பையன்’ பெயரெச்சத் தொடர், ஒற்று மிகாது. அங்கேயும் ‘ப்’ போடச் சொல்லி அடம்பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்குப் பொங்கல் ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்ற மல்லுக்கட்டு தனிக்கதை. ‘க்’ போட்டால் குடிக்கிற கள்ளாகிவிடும் என்பார் ஒருவர். இலக்கணம் படித்தவர்களே இதில் இரண்டு கட்சி.

என் வழக்கம், பொருள் கெடும் இடத்தில் மட்டும் சொல்வது, அதுவும் உள்பெட்டியில். கல்யாணப் பத்திரிகையில் ‘மனமகள்’ என்றிருந்தால் அச்சுக்குப் போகுமுன் போன் போட்டுவிடுவேன். ஒற்றுக்கெல்லாம் வாய் திறப்பதில்லை.